“ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா, டாக்டர்?”

நான்கு பக்கக் கடிதம். ஊர், பெயர், அடையாளம் தெரியக்கூடிய மற்ற விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவருக்கு 34 வயது. சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். 29 வயதில் இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது தெரியவந்திருக்கிறது. என்ன காரணம் என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. பதினான்கு மாதம் டயாலிசிஸ். அப்புறம் அம்மா கொடுத்த கிட்னி, இந்த நான்கு வருடமாக நன்றாக வேலை செய்கிறது, கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.2. அந்தக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் காலையும் ராத்திரியும் டாக்ரோலிமஸ் 1.5 மி.கி., கூடவே மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் 5 மி.கி. எல்லாவற்றையும் பெண் வீட்டில் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது, இரண்டரை வருடம் ஆகிறது. மனைவிக்கு 29 வயது. இன்னும் குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனை இரண்டு முறை எடுத்தும் நார்மல்: ஒரு மில்லிக்கு 38 மில்லியன், அசைவு 48 சதவீதம். விந்தணுவைக் கருப்பைக்குள் நேராகச் செலுத்தும் ஐ.யூ.ஐ. சிகிச்சையை இரண்டு முறை செய்தும் கரு நிற்கவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடியவர் ஒரு ஜப்பான் ஆராய்ச்சியைப் படித்திருக்கிறார். டாக்ரோலிமஸ் கொடுத்த ஆண் எலிகளுக்குக் குட்டி பிறக்கவில்லை, நிறுத்திய ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது என்று அதில் இருந்ததாம். “அப்படியென்றால் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் மாத்திரையை நிறுத்தினால் போதாதா? பிபிபி3ஆர்2 என்ற ஜீனில்தான் கோளாறு என்று போட்டிருக்கிறார்கள், அதற்கு டெஸ்ட் எடுக்கலாமா? அது கால்சியத்தால் வேலை செய்யும் புரோட்டீனாம், கால்சியம் மாத்திரை போட்டால் சரியாகுமா?” என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். போன மாதம் மனைவிக்குக் கருமுட்டை வரும் நாட்களில் மூன்று ராத்திரி டோஸை விட்டுவிட்டாராம். மனைவிக்கும் தெரியாது, கிட்னி டாக்டருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதால் ஒன்றரை மாதமாக அமுக்கரா சூரணமும் சாப்பிட்டு வருகிறார்.

தம்பி, கடைசிப் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கலாம், அது காத்திருக்காது.

இன்று ராத்திரி மாத்திரையைப் போடுங்கள்

இன்றிலிருந்து ஒரு டோஸ்கூட விடாதீர்கள். விட்டதற்குச் சேர்த்து இரட்டையாகவும் போடாதீர்கள், வழக்கமான அளவு, வழக்கமான நேரம், அவ்வளவுதான். இந்த வாரத்துக்குள் கிரியேட்டினின், யூரினில் புரோட்டீன், டாக்ரோ லெவல் (ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு) மூன்றையும் பாருங்கள். உங்கள் கிட்னி டாக்டரிடம் மூன்று ராத்திரி விட்டதை நேராகச் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்தால், லெவல் ஏன் ஏறி இறங்குகிறது என்று தெரியாமல் அவர் டோஸை மாற்றிவிடுவார், அது இன்னொரு சிக்கல்.

சூரணத்தை இன்றே நிறுத்துங்கள். அமுக்கரா மற்றவர்களுக்கு எப்படியோ, அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டக்கூடியது. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்துத்தான் உங்கள் அம்மாவின் கிட்னியை உங்கள் உடம்பில் காப்பாற்றி வருகிறோம். ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறுகையில் தள்ளுகிற மாதிரி ஆகிவிடும். ஆண்மைக்கு என்று விற்கிற எந்த லேகியமும், யாராவது போடச் சொல்லும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் இதே பட்டியல்தான். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் தெம்பு வந்த மாதிரி இருக்கும், ஆனால் விந்தணு உற்பத்தி கீழே போய்விடும், சிலருக்கு முழுவதுமே நின்றுவிடும். குழந்தைக்காக முயற்சி செய்கிறவர் தொடவே கூடாத ஊசி அது. பம்பளிமாஸ் பழமும் வேண்டாம், அது டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வயதில் ஒருவர், வேறு ஒரு காரணத்துக்காகப் பத்து நாள் மாத்திரையை விட்டவர், முகம் வீங்கி, செருப்புப் போட முடியாத கால்களோடு என் ஓ.பி.யில் வந்து உட்கார்ந்தார். கிரியேட்டினின் 1.3ஆக இருந்தது 4.8 ஆகியிருந்தது. ஊசி மருந்து கொடுத்துப் பார்த்தோம், 2.6க்குக் கீழே இறங்கவில்லை. கிட்னி கொடுத்த அவருடைய அக்கா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார், அவரிடம் போய் என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். டயாலிசிஸில் இருக்கும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கிப்போகும், புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறும், விந்தணு எண்ணிக்கையும் அசைவும் குறையும், ஆசையே இல்லாமல் போகும். கிட்னி மாற்றிய பிறகு பெரும்பாலானவர்களுக்கு இதெல்லாம் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற அந்த 38 மில்லியனைக் கொடுத்ததே அம்மாவின் கிட்னிதான். அதைப் பணயம் வைத்து விந்தணுவைச் சரி செய்ய முடியாது.

அந்த எலி ஆராய்ச்சி உண்மைதான்

நீங்கள் படித்தது வதந்தி இல்லை. ஒசாகா பல்கலைக்கழகத்தில் செய்து 2015இல் வெளிவந்த ஆராய்ச்சி, நல்ல ஆராய்ச்சியும்கூட. அதைப் புரிந்துகொள்ள முதலில் உங்கள் மாத்திரை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

நம் செல்களுக்குள் கால்சினியூரின் என்று ஒரு புரோட்டீன் இருக்கிறது. அது ஜோடியாக வேலை செய்வது: ஒரு பாகம் வேலைக்காரர், இன்னொரு பாகம் மேஸ்திரி. செல்லுக்குள் கால்சியம் ஏறும்போது மேஸ்திரி பாகம் நான்கு கால்சியம் அணுக்களைப் பிடித்துக்கொண்டு வேலையை முடுக்கிவிடும். எதிர்ப்பு அணுக்களில் இந்த வேலை நடந்தால்தான் “வேற்று உறுப்பு வந்திருக்கிறது, தாக்கு” என்ற உத்தரவு கிளம்பும். டாக்ரோலிமஸ் இந்த ஜோடியைப் பூட்டிவிடுகிறது, அதனால் உத்தரவு கிளம்புவதில்லை. 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்து இது, இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான மாற்றுக் கிட்னிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் பிபிபி3ஆர்2. உடம்பின் மற்ற இடங்களில் மேஸ்திரி வேலைக்கு இன்னொரு ஜீன் இருக்கிறது, பிபிபி3ஆர்1 என்று. விந்தணுவுக்கு மட்டும் தனி ஜோடி: வேலைக்காரருக்கு பிபிபி3சிசி, மேஸ்திரிக்கு பிபிபி3ஆர்2. ஒசாகாவில் பிபிபி3சிசி ஜீனை எடுத்துவிட்ட எலிகளைப் பார்த்தபோது, விந்தணு எண்ணிக்கையில் குறையில்லை, நீந்தவும் நீந்தின, ஆனால் முட்டைக்குள் போக முடியவில்லை. விந்தணுவின் தலைக்கும் வாலுக்கும் நடுவே ஒரு பகுதி இருக்கிறது, அது வளைந்தால்தான் வால் பலமாக வீசும். சாட்டையின் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் கயிறு விறைத்துப்போனால் நுனியில் அடி விழாது இல்லையா, அதே மாதிரி நடுப்பகுதி விறைத்துவிட்டது. முட்டையைச் சுற்றியிருக்கும் தடித்த உறையைக் குத்தித் துளைக்கும் பலம் அதற்கு இல்லாமல் போயிற்று. ஜீன் சரியாக இருக்கும் எலிகளுக்கு டாக்ரோலிமஸோ அதே மாதிரி வேலை செய்யும் சைக்ளோஸ்போரினோ கொடுத்தபோதும் நான்கைந்து நாளில் இதே நிலைதான். நிறுத்திய ஒரு வாரத்தில் திரும்பச் சரியானது.

அவர்கள் இதைச் செய்தது ஆண்களுக்கான கருத்தடை மாத்திரைக்கு வழி தேடி. விந்தணுவில் இருக்கும் ஜோடியை மட்டும் பூட்டி, எதிர்ப்பு அணுக்களில் இருப்பதைத் தொடாத மருந்து கிடைத்தால் நல்லது என்பது அவர்கள் எண்ணம். உங்கள் மாத்திரை அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை, இரண்டையும் பூட்டுகிறது. அப்படியென்றால் ‘விந்தணுவுக்காக ஒரு வாரம்’ என்று நீங்கள் திறக்கும்போது எதிர்ப்பு அணுக்களின் பூட்டும் சேர்ந்தே திறக்கும். எலிக்கு மாற்றுக் கிட்னி இல்லை, தம்பி. நிறுத்தியதால் அதற்கு எந்த நஷ்டமும் இல்லை.

அப்புறம், எலியில் பார்த்ததை அப்படியே மனிதர் மேல் வைக்க முடியாது. டாக்ரோலிமஸ் சாப்பிட்டுக்கொண்டே அப்பா ஆனவர்கள் ஏராளம். அமெரிக்காவில் 1991இல் ஆரம்பித்த ஒரு பதிவேட்டில் உறுப்பு மாற்றியவர்களின் கர்ப்பங்களையும், உறுப்பு மாற்றிய ஆண்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து பதிந்து வருகிறார்கள். அந்த ஆண்களின் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு மற்றவர்களின் குழந்தைகளைவிட அதிகமாகத் தெரியவில்லை. என்னிடம் வருகிறவர்களிலேயே ஒருவர் ஒவ்வொரு செக்கப்புக்கும் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வருவார், அவருக்கும் உங்கள் மருந்துதான், டோஸ்கூட ஏறக்குறைய அதேதான். டாக்ரோலிமஸ் சாப்பிட்டால் குழந்தை பிறக்காது என்று நீங்கள் எடுத்துக்கொண்டது சரியில்லை. சிலருக்கு அது கொஞ்சம் தடையாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டால், உண்டு. அந்தத் தடையைத் தாண்ட மாத்திரையை நிறுத்தாத வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஜீன் டெஸ்ட், கால்சியம் மாத்திரை

ஜீனில் கோளாறு இருப்பதும், நல்ல ஜீன் செய்த புரோட்டீனை மருந்து பூட்டி வைப்பதும் வேறு வேறு. நீங்கள் பயப்படுவது இரண்டாவதுக்கு, அதற்கு ஜீன் டெஸ்ட் எந்தப் பதிலும் தராது. பிபிபி3ஆர்2க்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஏதோ ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அர்த்தம் நிச்சயமில்லை என்று ரிப்போர்ட் வரும், நீங்கள் இன்னும் பத்து ராத்திரி தூங்கமாட்டீர்கள்.

ஜீன் டெஸ்டுக்குத்தான் காசு வைத்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் கிட்னி எதனால் சுருங்கியது என்று பார்க்கும் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இளம் வயதில் காரணமே தெரியாமல் கிட்னி போனவர்களில் சிலருக்குப் பரம்பரை நோய் மறைந்திருக்கும். அது குழந்தைக்குப் போகுமா, மகனுக்கா மகளுக்கா என்பது நோய்க்கு நோய் மாறும். அப்பா ஆகப்போகிறவருக்கு உபயோகமான கேள்வி அதுதான். அம்மாவைப் பரிசோதித்து கிட்னி எடுத்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதலான செய்தி, ஆனால் அது மட்டும் போதாது.

கால்சியம் மாத்திரையைப் பற்றி. புரோட்டீன் கால்சியத்தால் வேலை செய்வது உண்மை. ஆனால் அது செல்லுக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறி இறங்குகிற கால்சியம், நாம் விழுங்குவதை வைத்து அதை ஏற்ற முடியாது. ரத்தத்தில் கால்சியத்தை உடம்பு மிகக் கறாரான அளவில் வைத்திருக்கும். கிட்னி மாற்றியவர்களில் சிலருக்குக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதால் கால்சியம் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும், அதன் மேல் மாத்திரை போட்டால் கல்லும் மலச்சிக்கலும்தான் மிச்சம். எலும்புக்காக உங்கள் டாக்டர் எழுதியிருந்தால் போடுங்கள், இதற்காக வேண்டாம்.

நீங்கள் கேட்காத மாத்திரை

கடிதம் முழுக்க டாக்ரோலிமஸ்தான். எனக்கு அதைவிட மைக்கோஃபினோலேட்டைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. பெண்கள் அந்த மருந்தைச் சாப்பிடும்போது கரு உண்டானால் கருச்சிதைவும் குழந்தைக்குக் குறைபாடும் வரும் ஆபத்து கூடும் என்பது நிச்சயம். ஆண் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆபத்து கூடுகிறது என்று இதுவரை கிடைத்த தகவல்கள் காட்டவில்லை, ஆனாலும் முன்ஜாக்கிரதைக்காக, மருந்து சாப்பிடும்போதும் நிறுத்தி 90 நாள் வரையும் கருத்தடை வேண்டும் என்றுதான் மருந்துக் குறிப்பில் இருக்கிறது. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், 90 நாள் என்பது அந்தக் கணக்கு. இத்தனை நாள் முயற்சி செய்தீர்களே என்று இப்போது கலங்க வேண்டாம், போனது போகட்டும், இனி டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். நிறைய இடங்களில் அப்பா ஆகப்போகிறவருக்கு இதைத் தொடரவே விடுகிறார்கள், சிலர் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான அசதயோபிரினுக்கு மாற்றுகிறார்கள். மாற்றினால் கிட்னியை உடம்பு நிராகரிக்கும் வாய்ப்பு சற்றுக் கூடும், அதனால் இது கூடிப் பேசி எடுக்க வேண்டிய முடிவு. மாற்றுவதென்று முடிவானால் என்.யு.டி.டி.15 ஜீன் டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது. ஆசியர்களில் சிலருக்கு அந்த ஜீன் மாறியிருக்கும், அவர்களுக்கு அசதயோபிரின் வழக்கமான அளவில் கொடுத்தாலே வெள்ளை அணுக்கள் தடாலென்று இறங்கிவிடும். யூரிக் ஆசிட்டுக்கு ஃபெபுக்ஸோஸ்டாட்டோ அல்லோபியூரினாலோ சாப்பிடுகிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், அதோடு அசதயோபிரின் சேர்வது ஆபத்து. இன்னொரு சின்ன விஷயம், மைக்கோஃபினோலேட் மாத்திரையை உடைப்பது, பொடியைத் தொடுவதெல்லாம் உங்கள் மனைவி செய்ய வேண்டாம்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சிரோலிமஸ் என்ற இன்னொரு மருந்து உங்கள் பட்டியலில் இல்லை, அது நல்லதாகப் போயிற்று. டாக்ரோலிமஸ் வேண்டாம் என்று நீங்களே கேட்டு அதற்கு மாறிவிடாதீர்கள், விந்தணு எண்ணிக்கையையே குறைப்பது அதுதான்.

இனி என்ன செய்யலாம்

உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி: “அவளுக்கு ஸ்கேன் நார்மல்.” டியூப் டெஸ்ட் எடுத்ததாக எங்கேயும் இல்லை. கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஐ.யூ.ஐ. செய்வதில் அர்த்தமே இல்லை, விந்தணு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வழி அடைத்திருந்தால் போய்ச் சேராது. அதை முதலில் எடுங்கள், தைராய்டும், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச்.சும் சேர்த்து. தப்பு அவள் மேல் என்று நான் சொல்லவில்லை, கிட்னிக்காரர் என்பதால் எல்லாப் பழியையும் நீங்களே எடுத்துப் போட்டுக்கொண்டு, அவரைச் சரியாகப் பரிசோதிக்காமலேயே இரண்டு வருடத்தைக் கழித்திருக்கிறீர்கள் என்று சொல்கிறேன். ஐ.யூ.ஐ. ஒரு தடவைக்கு நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் நிற்கும். இரண்டு தடவை நிற்காததை வைத்து ஜீன் வரைக்கும் போக வேண்டியதில்லை.

டியூப் திறந்திருந்து, மற்றதும் சரியாக இருந்தால் இரண்டு வழி. ஒன்று, இன்னும் ஒன்றிரண்டு ஐ.யூ.ஐ. பார்ப்பது, மனைவிக்கு 29 வயதுதான் என்பதால் இதற்கு நேரம் இருக்கிறது. இரண்டாவது இக்ஸி. அதில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் எடுத்து முட்டைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். எலியில் பார்த்த தடை உங்களிடமும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அந்தத் தடை இருப்பது முட்டையின் உறையைத் துளைப்பதில். இக்ஸியில் அந்த உறையை ஊசி தாண்டிவிடுகிறது, விந்தணு துளைக்க வேண்டிய வேலையே இல்லை. டாக்ரோலிமஸை ஒரு டோஸ்கூட விடாமல் செய்யலாம். ஐ.வி.எஃப். (டெஸ்ட் டியூப் குழந்தை சிகிச்சை) செய்கிற டாக்டரிடம் போனால், சாதாரண முறையில் முட்டையையும் விந்தணுவையும் சேர்த்து வைத்து அப்படியே விட்டுவிடாமல், முட்டைகளில் பாதியையாவது இக்ஸி செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஏன் என்று காரணத்தையும் சொல்லுங்கள். செலவு அதிகம், மனைவிக்குத்தான் ஊசிகள், முட்டை எடுக்கும்போது மயக்க மருந்து, முதல் தடவையே பலிக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதனால்தான் இதை முதல் வேலையாகச் சொல்லவில்லை.

இக்ஸிக்குச் சட்டப்படி இரண்டு பேரும் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால், அந்த மூன்று ராத்திரியைப் பற்றி மனைவியிடம் சொல்லிவிடுங்கள். எல்லாம் தெரிந்துதான் உங்களைக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். குழந்தைக்காக நீங்கள் கிட்னியைப் பணயம் வைத்தீர்கள் என்று பின்னால் வேறு யார் மூலமாவது தெரிந்தால் அவருக்கு அது தாங்காது. அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், மனைவியிடம் மட்டும் மறைக்காதீர்கள். ராத்திரி மாத்திரை போடும் நேரத்துக்கு அவர் போனிலும் ஒரு அலாரம் வைக்கச் சொல்லுங்கள்.

லெவல் டெஸ்டுக்குப் போகும் நாளில் ஒன்று கவனியுங்கள், நிறையப் பேர் இதில் தப்புச் செய்கிறார்கள். முந்தின ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில்தான் சரியான லெவல் தெரியும். காலை மாத்திரையைப் போடாமல் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், ரத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே தண்ணீர் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.